ஒரு வாரத்தில் மறைந்த அரட்டை: டர்பன் வீட்டில் சொந்தச் சேவையகம் நிலைபெற்ற பதிவு

சென்ற மாதம் என் அத்தை, அதாவது என் மனைவியின் அம்மா, பழைய கைபேசியைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதியது வாங்கினார். அதில் கான்வர்சேஷன்ஸ் அரட்டைச் செயலியை நிறுவி, அவருடைய பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் நான் தட்டிக் கொடுத்தேன். குடும்ப அரட்டை அறையைத் திறந்து விரலால் மேலே தள்ளத் தள்ள, பழைய செய்திகள் ஒவ்வொரு கட்டாக வந்து இறங்கின; எங்கள் பாட்டி ஆயாவின் குரல் பதிவுகளும் படங்களும் கூடவே வந்தன. குடும்ப அரட்டை முழுவதையும் எங்கள் வீட்டுச் சிறு கணினி ஒன்றிலேயே, அதாவது சொந்தச் சேவையகத்தில் (சர்வர்), அழியாமல் வைக்க இரண்டு ஆண்டுகளாகப் பாடுபட்டேன்; அது அன்றைக்குத்தான் முழுமையாக நடந்தது. அதனால் அந்தப் பாட்டை வரிசையாக எழுதி வைக்கிறேன். இதே வேலையில் இறங்கும் ஒருவருக்கு நான் வீணாக்கிய நாட்களும் காசும் மிச்சமாகட்டும்.

நான் தென்காசிப் பக்கத்தில் பிறந்தவன். மனைவி வீட்டாரோ, 1860 முதல் 1911 வரை நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழிவந்தவர்கள். நாங்கள் இருப்பது தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில். முன்வீட்டில் நாங்கள் இருக்கிறோம். பின்னால் உள்ள அவுட்பில்டிங்கில் அத்தையும், இந்த வீட்டில் எல்லோரும் ஆயா என்று அழைக்கும் பாட்டியும் இருக்கிறார்கள். ஆயாவுக்கு எழுத வராது, பேசுவார். அவர் சொல்லும் பழைய தமிழ்ச் சொற்களையும் தாலாட்டுகளையும் குரல் பதிவாக அத்தை சேர்த்துக்கொண்டே வந்தார். 2023 தொடக்கத்தில் அத்தையின் கைபேசி டாக்ஸி ஸ்டாண்டில் திருடுபோனது. அதோடு ஏறத்தாழ ஓராண்டுப் பதிவுகளும் போயின, ஏனென்றால் காப்புப்பிரதி எடுத்து வைத்தவர் யாருமில்லை. ஒருவரின் கைபேசி போனாலும் பேசியது போகாமல் இருக்க வேண்டும், பேசியது எங்கள் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று அப்போது முடிவு செய்தேன்.

முதல் முயற்சி 2023 ஏப்ரலில். அலமாரியில் சும்மா கிடந்த ராஸ்பெர்ரி பை 3 என்னும் சிறு கணினிப் பலகையை எடுத்து, பைத்தானில் எழுதப்பட்ட பெரியதொரு அரட்டைச் சேவையகத்தை அதில் ஏற்றினேன். அந்தப் பலகையின் நினைவகம் 1 ஜிபிதான். வீட்டு ஆட்கள் ஐந்து பேர் மட்டும் பேசியவரை அது தாங்கியது. ஆவலில் வெளியுலகப் பொது அறை ஒன்றில் நான் சேர்ந்த அன்று நினைவகம் நிரம்பியது, ஸ்வாப் (நினைவகம் போதாதபோது கார்டில் பயன்படும் இடம்) நிரம்பியது, எஸ்டி கார்டில் இடைவிடாத எழுத்து வேலை தொடங்கியது. ஒரு சொல் போய்ச் சேர நாற்பது நொடி ஆனது. மூன்றாம் நாள் கார்டு படிக்கவே முடியாதபடி ஆகிவிட்டது. அந்தச் சேவையகம் மோசமானது என்று சொல்ல மாட்டேன். என் தேவைக்கும் என் பலகைக்கும் அது பெரிது, அவ்வளவுதான்.

அடுத்து எக்ஸ்எம்பிபி என்னும் அரட்டை நெறிமுறைக்கு, அதாவது செயலிகளும் சேவையகங்களும் பேசிக்கொள்ளும் பொது விதிக்கு, வந்தேன். 1999இல் ஜாபர் என்ற பெயரில் அறிமுகமாகி, 2004இல் இணையத் தரமாக ஏற்கப்பட்ட பழைய நெறிமுறை அது. அதற்கான சேவையகங்களுள் லுவா மொழியில் எழுதப்பட்ட புரோசடியைத் தேர்ந்தெடுத்தேன், 0.12 பதிப்பு. என் பை 3இல் அது எடுத்துக்கொண்ட நினைவகம் 40 எம்பிக்கும் குறைவு. அமைவுக் கோப்பு ஒன்றே ஒன்று. அதில் எழுதுவது எல்லாம் படித்தாலே புரியும் வரிகள். ஒரு சனிக்கிழமை மாலையில் தொடங்கி இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஐந்து பேருக்கும் கணக்குத் திறந்து, ஒருவருக்கொருவர் பேசவும் வைத்துவிட்டேன். ஆனால் அந்த வேகமே அடுத்த தவறுகளுக்கு வழிவிட்டது.

கணினியில் கஜிம் செயலி வழியாகத் தமிழ் வகுப்புக்கென்று ஓர் அறையைத் திறந்தேன். சனிக்கிழமைதோறும் நான் நடத்தும் வகுப்பின் பிள்ளைகள் பதினொரு பேர் அதில் சேர்ந்தார்கள். ஒரு வாரம் நன்றாக ஓடியது. பிறகு லோட் ஷெட்டிங், அதாவது முறைவைத்து வரும் மின்வெட்டு. இரண்டு மணி நேரம் கழித்து மின்சாரம் வந்ததும் பிள்ளைகள் மீண்டும் அறைக்குள் வந்தார்கள், நானும் வந்தேன். அறையின் பெயர் அதேதான், ஆனால் உள்ளே ஒரு செய்தியும் இல்லை. அதோடு, அறையின் உரிமையாளர் நான் அல்லன், பன்னிரண்டு வயது மாணவி ஒருத்தி! நடந்தது இதுதான். நான் திறந்த அறை தற்காலிக அறை. சேவையகம் திடீரென்று அணைந்ததும் அதைப் பற்றிய நினைவு அழிந்துவிட்டது. மின்சாரம் வந்தபின் அந்தப் பெயருக்குள் முதலில் நுழைந்தவருக்காகப் புதிய அறை ஒன்று பிறந்தது. முதலில் நுழைந்தவரே உரிமையாளர் என்பது இந்த நெறிமுறையின் விதி. அமைவுக் கோப்பில் அறைகளுக்கான பகுதியில், எல்லா அறைகளும் இயல்பாகவே நிலையானவை என்னும் வரியையும், அறை திறக்கும் உரிமை நிர்வாகிக்கு மட்டுமே என்னும் வரியையும் சேர்த்தேன். இரண்டே வரிகள்.

அடுத்த வேலை மின்சாரம். 2023ஆம் ஆண்டு இந்த நாட்டில் லோட் ஷெட்டிங் மிகக் கடுமையாக இருந்த ஆண்டு. எங்கள் பகுதியில் ஒரு நாளில் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம், மின்வெட்டின் கடுமையைக் குறிக்கும் ஸ்டேஜ் உயர்ந்தால் நான்கு மணி நேரமும் போகும். சேவையகம் மட்டும் உயிரோடு இருந்து பயனில்லை. ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் கூட இருக்க வேண்டும். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி மூடிய ஈய-அமில பேட்டரி ஒன்றை 280 ராண்டுக்கு வாங்கினேன். அலார்ம் பெட்டிகளிலும் தானியங்கிக் கேட்டுகளிலும் போடுகிறார்களே, அதே வகை. ஏற்கெனவே இருந்த ஒரு சார்ஜரில் 13.6 வோல்ட் வைத்து, பேட்டரியிலிருந்து ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் நேராக ஓர் இணைப்பும், பலகைக்கு 5 வோல்ட்டாகக் குறைக்கும் கன்வர்ட்டர் வழியாக ஓர் இணைப்பும் கொடுத்தேன். பேட்டரியின் நேர்முனைக்கு அருகிலேயே 3 ஆம்பியர் ஃபியூஸ். இந்த ஃபியூஸை யாரும் விட்டுவிட வேண்டாம். சிறிய பேட்டரிதான் என்றாலும் குறுக்குச் சுற்று நேர்ந்தால் கம்பி பழுத்துத் தீப்பிடிக்க அதுவே போதும்.

முதல் வாரம் பலகை காரணமே இல்லாமல் நின்று நின்று எழுந்தது. மென்பொருளில்தான் கோளாறு என்று நம்பி மூன்று இரவுகள் பதிவுக் கோப்புகளைப் புரட்டினேன். நான்காம் இரவு மல்டிமீட்டரை எடுத்தேன். கன்வர்ட்டரின் முனையில் 5.08 வோல்ட். பலகையின் ஐந்து வோல்ட் காலில் (பின்) வைத்துப் பார்த்தால் 4.57 வோல்ட். இடையில் இருந்தது 1.2 மீட்டர் நீளமுள்ள, ஒரு பழைய சார்ஜரிலிருந்து வெட்டியெடுத்த மெல்லிய கம்பி. அரை வோல்ட் அந்தக் கம்பியிலேயே கரைந்துகொண்டிருந்தது. இந்தப் பலகை 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் மின்னழுத்தக் குறைவு என்று தானே குறித்துக்கொள்ளும். அந்தக் குறிப்பைக் கேட்கும் கட்டளையை அப்போதுதான் இட்டுப் பார்த்தேன். விடையாக 50005 வந்தது. இப்போதும் குறைவு, முன்பும் குறைவு என்று அதற்குப் பொருள். 0.75 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியை 30 சென்டிமீட்டருக்கு வெட்டி, இரு முனைகளையும் சால்டர் செய்து மாட்டினேன். காலில் 5.03 வோல்ட், அதன்பின் எத்தனை நாள் கழித்துக் கேட்டாலும் விடை பூச்சியம்.

எஸ்டி கார்டில் மறுபடியும் நம்பிக்கை வைக்க மனம் வரவில்லை. பழைய விலைக்குக் கிடைத்த 2 ஜிபி ராஸ்பெர்ரி பை 4 ஒன்றை 1,100 ராண்டுக்கு வாங்கி, 120 ஜிபி எஸ்எஸ்டி சேமிப்பகம் ஒன்றை யுஎஸ்பி கேபிள் வழியாக இணைத்து, அதிலிருந்தே தொடங்கும்படி செய்தேன். எஸ்எஸ்டியும் கேபிளும் 480 ராண்ட். கூடவே, செய்திகளைத் தனித்தனிக் கோப்புகளாக வைக்கும் இயல்பு முறையை விட்டு எஸ்கியூலைட் தரவுத்தளத்துக்கு மாறினேன். மாற்றிய பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சோதனை. நொடிக்கு ஒன்றாக எண்ணிட்ட செய்திகளை ஓர் அறைக்கு அனுப்பும் சிறு நிரலை மடிக்கணினியில் ஓடவிட்டு, நடுவில் பலகையின் மின்கம்பியைப் பிடுங்குவேன். மீண்டும் செருகி, எத்தனை எண்கள் இருக்கின்றன என்று எண்ணுவேன். இப்படி இருபது முறை. மிக மோசமான முறையில் போனது கடைசி ஒரே செய்திதான். ஒரு முறை ஒரே எண் இரண்டு தடவை பதிவானது. உறுதிச் செய்தி வருவதற்குள் மின்சாரம் போனதால் செயலி மறுபடி அனுப்பியிருக்கிறது. தொலைவதைவிட இரண்டாக வருவது மேல் என்று அதை அப்படியே விட்டேன்.

வீட்டுக்கு வெளியே இருந்து சேர்வதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரவுட்டரில் அரட்டைச் செயலிகள் நுழையும் 5222ஆம் போர்ட்டைத் திறந்துவிட்டும் வெளியிலிருந்து எதுவும் வரவில்லை. ரவுட்டரின் வெளிப்புற முகவரி 100.64 முதல் 100.127 வரை உள்ள வரம்பில் இருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். பல வீடுகளுக்குப் பொதுவாக ஒரே பொது முகவரியைப் பகிரும்போது இணைய நிறுவனங்கள் பயன்படுத்தும் வரம்பு அது. எத்தனை போர்ட் திறந்தாலும் கதவு நம்முடையதல்ல. ஜோகன்னஸ்பர்க்கில் மாதம் 85 ராண்ட் வாடகைக்கு ஒரு சிறிய சேவையகம் எடுத்து, வீட்டுப் பலகையிலிருந்து அதற்கு வயர்கார்ட் சுரங்கம், அதாவது இணையத்தின் ஊடே பூட்டிய தனிவழி, போட்டேன். 25 நொடிக்கு ஒரு முறை வீட்டிலிருந்து உயிர்த்துடிப்பு அனுப்பும்படி வைத்தால் சுரங்கம் மூடாது. சொற்கள் போயின, படங்கள் மட்டும் பாதியில் நின்றன. சுரங்கத்தின் எம்டியு அளவை (ஒரு தரவுப் பொட்டலத்தின் உச்ச அளவு) 1380ஆகக் குறைத்ததும் அதுவும் சரியானது. செய்திகள் எல்லாம் வீட்டில்தான் இருக்கின்றன. வாடகைச் சேவையகம் வெறும் வாசல்.

இங்கு ஒரு சிறு வேலை மிகுந்த பயன் தந்தது. வீட்டுக்குள் இருக்கும் கைபேசிகள் எங்கள் டொமைன் பெயரைக் கேட்டால், வீட்டுப் பலகையின் உள்முகவரியையே விடையாகக் கொடுக்கும்படி உள் டிஎன்எஸ் (பெயருக்கு உரிய முகவரியைச் சொல்லும் சேவை) ஒன்றை வைத்தேன். லோட் ஷெட்டிங்கில் தெருமுனை ஃபைபர் பெட்டியின் பேட்டரியும் தீர்ந்து இணையமே போன பின்னும், முன்வீட்டுக்கும் பின்வீட்டுக்கும் இடையே அரட்டை ஓடிக்கொண்டிருந்தது. அத்தை இருட்டில் எழுந்து வராமல் அங்கிருந்தே எதையும் கேட்க முடிந்தது.

இனி, தலைப்பில் சொன்ன விஷயம். எங்கள் கோவிலில் ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவோம். இங்கு அதைப் பாரிஜ் பிரேயர் என்பார்கள். 2023 ஜூலையில் அதற்கென்று ஓர் அறை திறந்து, எத்தனை பெரிய பானை, எத்தனை கிலோ மாவு, யார் வெங்காயம் உரிப்பது, யார் காலை நான்கு மணிக்கு அடுப்பு மூட்டுவது என்று நீண்டதொரு பட்டியலை அத்தை அதில் போட்டிருந்தார். ஆகஸ்ட் தொடக்கத்தில் என் மச்சான் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து புதிய கைபேசியில் நுழைந்தார். நுழைந்தவர் எனக்கு அழைத்தார். "மச்சான், அம்மா போட்ட லிஸ்டு எங்கே? போன வாரத்துக்கு முன்னால ஒண்ணுமே இல்லையே!"

என் கைபேசியில் எல்லாம் இருந்தது. அத்தையின் கைபேசியிலும் இருந்தது. அதனால்தான் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. கைபேசிகளில் இருந்தவை அந்தந்தக் கைபேசியின் உள்பிரதிகள். சேவையகத்தில் தேடினால் ஏழு நாளுக்கு முந்தைய ஒரு வரிகூட இல்லை. புரோசடியில் செய்திகளைச் சேமிக்கும் எம்ஏஎம் மாட்யூலின் இயல்பு வரம்பு ஒரு வாரம் என்று ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. நான் அந்தப் பக்கத்தைப் படிக்காமல் மாட்யூலை மட்டும் இயக்கியிருக்கிறேன். 'ஆர்க்கைவ் எக்ஸ்பயர்ஸ் ஆஃப்டர்' என்ற அமைவுக்கு 'நெவர்' என்று மதிப்புக் கொடுத்து, மறுதொடக்கம் செய்து, வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. பத்து நாள் கழித்து ஒரு பழைய கைபேசியைத் துடைத்துப் புதிதாக நுழைந்து பார்த்தேன். தனிநபர் உரையாடல்கள் முழுமையாக வந்தன. அறைகளில் மட்டும் மறுபடியும் ஏழே நாள். நான் மாற்றிய அமைவு இருவருக்கிடையேயான செய்திகளுக்கு உரியது. அறைகளின் சேமிப்பைப் பார்த்துக்கொள்வது எம்யுசி எம்ஏஎம் என்னும் வேறு மாட்யூல். அதற்கு 'எம்யுசி லாக் எக்ஸ்பயர்ஸ் ஆஃப்டர்' என்று தனி அமைவு. அதன் இயல்பு மதிப்பும் ஒரு வாரம்தான். அதையும் 'நெவர்' ஆக்கினேன். இந்த முறை அவசரப்படவில்லை. இன்னும் எங்கெல்லாம் ஒரு வாரம் ஒளிந்திருக்கிறது என்று ஆவணத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் தேடினேன். மூன்றாவது ஒரு வாரம் கிடைத்தது: படங்களையும் குரல் பதிவுகளையும் ஏற்றுக்கொள்ளும் கோப்புப் பகிர்வு மாட்யூலில். அதாவது ஆயா பாடிய பாட்டின் சுட்டி அறையில் பத்திரமாக இருக்கும், ஆனால் எட்டாம் நாள் அதைத் தொட்டால் உள்ளே பாட்டு இருக்காது. நான் இந்த வேலையைத் தொடங்கியதே அந்தக் குரலுக்காகத்தான். அந்த வரம்பை நொடிக் கணக்கில் கொடுக்க வேண்டும். பத்து ஆண்டுகளுக்கு 31,53,60,000 நொடிகள் என்று எழுதினேன். ஒரு கோப்பின் உச்ச அளவு இயல்பாக 10 எம்பி. அதையும் 50 எம்பியாக உயர்த்தினேன்.

கைபேசிகளிலிருந்து மீட்க முடிந்ததை மீட்டோம். அத்தை தன் பட்டியலை மறுபடி போட்டார். குரல் பதிவுகளை அவர் கைபேசியின் கோப்புறையிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாக ஏற்ற இரண்டு மாலைகள் ஆயின. இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு அன்று துடைத்த கைபேசி ஒன்றில் புதிதாக நுழைந்து, மிகப் பழைய செய்தியும் மிகப் பழைய பாட்டும் வருகின்றனவா என்று பார்ப்பது வழக்கமாகிவிட்டது. எப்போதும் பயன்படுத்தும் கைபேசியில் பார்த்துச் சரி என்று சொல்வது சோதனையே அல்ல.

2023 அக்டோபரில் பேட்டரி கைவிட்டது. வாட் மீட்டரில் அளந்தபோது பலகையும் எஸ்எஸ்டியும் 4.6 வாட், ரவுட்டர் 6.1, ஃபைபர் பெட்டி 3.4, கன்வர்ட்டர் இழப்பும் சேர்த்துப் பேட்டரியிலிருந்து 15.6 வாட் போகிறது. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி என்றால் 84 வாட்-மணி. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் வற்றவிடக் கூடாது என்பதால் நம்பத்தக்கது 42 வாட்-மணி, அதாவது இரண்டே முக்கால் மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. நானோ நான்கு மணி நேர வெட்டுகளிலும் அதை முழுக்க வற்றவிட்டேன். மின்னழுத்தம் குறைந்தால் துண்டிக்கும் கருவி எதுவும் வைக்கவில்லை. ஒரு முறை 10.4 வோல்ட் வரை இறங்கியிருந்ததைப் பார்த்தும் சும்மா இருந்தேன். ஐந்தே மாதத்தில் அதன் தாங்கும் நேரம் ஒரு மணி இருபது நிமிடமாகச் சுருங்கியது.

அன்று மாலை நான்கு மணிக்குப் போன மின்சாரம் எட்டு மணி நான்கு நிமிடத்துக்கு வந்தது. பேட்டரி ஐந்து இருபதுக்கே தீர்ந்துவிட்டது. எட்டேகால் மணிக்கு அத்தை, ஆயாவுக்கு இரவு மருந்து கொடுத்தாயிற்று என்று அறையில் எழுதினார். அந்த மருந்து நேரத்தை எழுதி வைப்பது மச்சான் கேட்டுக்கொண்ட வழக்கம். இரவு பத்து மணிக்கு அறையைத் திறந்த மச்சானுக்கு அதே செய்தி மாலை 5:28க்கு எழுதப்பட்டதாகக் காட்டியது. மருந்தை மூன்று மணி நேரம் முன்னதாகவே கொடுத்துவிட்டார்கள் என்று பதறி அழைத்தார். அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் எட்டு மணிக்கு மேலதானே குடுத்தேன், மாப்ளே! இது ஏன் பொய் சொல்லுது?" என்று என்னிடம் கேட்டார். அந்தக் கேள்வி என்னை மிகவும் உறுத்தியது. பாட்டு தொலைந்தால் வருத்தம். மருந்து நேரம் தவறினால் அது வேறு.

காரணம் கடிகாரம். ராஸ்பெர்ரி பை 4இல் பேட்டரியோடு கூடிய கடிகாரம் கிடையாது. மணிக்கு ஒரு முறை நேரத்தை ஒரு கோப்பில் எழுதிவைத்து, மறுபடி எழும்போது அதிலிருந்தே தொடங்கும். பிறகு இணையம் கிடைத்ததும் சரியான நேரத்தைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும். மணிக்கொரு முறை நடக்கும் வேலைகள் இந்த இயங்குதளத்தில் 17ஆம் நிமிடத்தில் ஓடுவது இயல்பு. ஆகவே 5:17க்குக் கடைசியாக எழுதியது, 5:20க்கு அணைந்தது, 8:04க்கு எழுந்தபோது தன்னளவில் 5:17 என்றே நினைத்தது. ஃபைபர் 8:31க்குத்தான் வந்தது. இடைப்பட்ட செய்திகளை எல்லாம் அது தவறான நேரத்தோடு சேமித்தது. அறையில் நேரடியாக இருந்தவர்களுக்கு அவரவர் கைபேசியின் நேரம் தெரியும். பிறகு வந்து சேமிப்பிலிருந்து எடுப்பவர்களுக்குச் சேவையகம் சொல்வதே நேரம்.

டிஎஸ்3231 சில்லு கொண்ட கடிகாரப் பலகை 75 ராண்ட். 3.3 வோல்ட், தரை, இரண்டு தரவுக் கால்கள் என்று நான்கே கம்பிகள். தொடக்க அமைவுக் கோப்பில் ஒரு வரி சேர்த்து, நேரத்தைக் கோப்பில் எழுதிவைக்கும் பழைய போலிக் கடிகாரப் பொதியை நீக்கினேன். இந்தச் சில்லு ஓராண்டுக்கு ஒரு நிமிட அளவே விலகும். ரவுட்டரைக் கழற்றி வைத்து, பலகையை மூன்று மணி நேரம் அணைத்து, இணையமில்லாமல் எழுப்பிப் பார்த்தேன். சுவர்க் கடிகாரத்தோடு நொடி பிசகாமல் நின்றது. 75 ராண்டுப் பொருளை முதல் நாளே வாங்காமல் போனேனே என்ற வருத்தம் இன்றும் உண்டு.

பேட்டரிக்குப் பதிலாக 12.8 வோல்ட், 12 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையை அதற்கான சார்ஜரோடு 1,450 ராண்டுக்கு வாங்கினேன். மிகவும் வற்றினால் துண்டிக்கும் சுற்று அதற்குள்ளேயே இருக்கிறது. ஆனால் இது முழுதாக ஏறும்போது 14.6 வோல்ட் வரை போகும். 12 வோல்ட் ரவுட்டருக்கு அதை நேராகக் கொடுக்கத் துணியாமல், உள்ளே எத்தனை வந்தாலும் வெளியே 12 தரும் கன்வர்ட்டரை இடையில் வைத்தேன். முழுச் சுமையோடு முழுக்க வற்றும்வரை ஒரு நாள் ஓடவிட்டு அளந்ததில் 8 மணி 50 நிமிடம் தாங்கியது. 2024 மார்ச் 26 அன்று லோட் ஷெட்டிங் நிறுத்தப்பட்டு நீண்ட நாள் வராமல் இருந்தது என்றாலும், கேபிள் திருட்டும் துணைமின்நிலையப் பழுதும் எங்கள் தெருவை விட்டபாடில்லை; பேட்டரிக்கு வேலை இருந்துகொண்டுதான் இருக்கிறது.

டர்பன் கோடையின் புழுக்கத்தில் அலமாரிக்குள் பலகை 80 டிகிரியைத் தொட்டு வேகத்தைக் குறைத்துக்கொண்டது. விசிறி வைத்தால் தூசும் ஈரக்காற்றும் உள்ளே போகும் என்பதால், முழு உடலும் வெப்பத்தை வெளியேற்றும் அலுமினியப் பெட்டி ஒன்றை 180 ராண்டுக்கு வாங்கி, அலமாரியின் கதவைக் கழற்றிவிட்டேன். 58 டிகிரி. இணைப்பைப் பூட்டுவதற்கான, 90 நாள் செல்லுபடியாகும் டிஎல்எஸ் சான்றிதழ் தானே புதுப்பிக்கப்பட்டாலும், புதியதைப் புரோசடியிடம் கொண்டுபோய்க் கொடுக்கும் கட்டளையைச் சேர்க்காமல் விட்டதால் ஒரு காலை எல்லாருடைய கைபேசியும் இணைய மறுத்தது. அந்தக் கட்டளையைப் புதுப்பிப்பின் இறுதிப்படியாகச் சேர்த்தபின் சிக்கல் இல்லை.

குறியாக்கம் பற்றி நான் எடுத்த முடிவைச் சிலர் ஏற்க மாட்டார்கள். ஒமெமோ என்னும் முனைக்கு முனை குறியாக்க முறையில் பூட்டிய செய்தியை, அது அனுப்பப்பட்ட நாளில் இருந்த கைபேசிகள் மட்டுமே திறக்கும். பின்னால் வாங்கிய கைபேசிக்குச் சேவையகத்தில் இருப்பது திறக்கவியலாத பொட்டலம். நிலைத்திருக்க வேண்டும் என்பதற்காகவே வைத்த அறைகளில் அது நோக்கத்தையே கெடுக்கிறது. ஆகவே குடும்ப அறையிலும் வகுப்பறையிலும் கூழ் அறையிலும் கைபேசிக்கும் சேவையகத்துக்கும் இடையிலான வழித்தடக் குறியாக்கம் மட்டும். தனி உரையாடல்களில் ஒமெமோ. அறைகளில் எழுதுவதை நிர்வாகியான நான் விரும்பினால் படிக்க முடியும் என்பதை எல்லாரிடமும், பிள்ளைகளின் பெற்றோரிடமும் நேரில் சொல்லிச் சம்மதம் வாங்கினேன். இதைச் சொல்லாமல் பிறருக்குச் சேவையகம் நடத்துவது முறையல்ல என்பது என் உறுதியான எண்ணம்.

இரவு இரண்டு மணிக்குத் தரவுத்தளத்தின் பிரதி ஒன்று வீட்டு யுஎஸ்பி குச்சிக்கும், பூட்டிய பிரதி ஒன்று வாடகைச் சேவையகத்துக்கும் போகிறது. ஓடிக்கொண்டிருக்கும் எஸ்கியூலைட் கோப்பை அப்படியே நகலெடுக்காமல், அதன் சொந்தக் காப்புக் கட்டளையால் எடுக்க வேண்டும். பழைய பை 3இல் அந்தப் பிரதியைக் கொண்டு சேவையகத்தை முழுக்க எழுப்பிப் பார்த்தேன். 35 நிமிடம் ஆனது. செய்திகள் எல்லாம் சேர்ந்து 41 எம்பிதான். படங்களும் குரல்களும் 3.8 ஜிபி.

கணக்கு: பலகை 1,100, எஸ்எஸ்டியும் கேபிளும் 480, வீணான முதல் பேட்டரி 280, இரண்டாவது பேட்டரி 1,450, கன்வர்ட்டர்கள் இரண்டும் 235, கம்பியும் ஃபியூஸும் இணைப்பிகளும் 130, கடிகாரம் 75, பெட்டி 180, மொத்தம் 3,930 ராண்ட். ஆண்டுதோறும் வாடகைச் சேவையகத்துக்கு 1,020, டொமைன் பெயருக்கு 95.

மறுபடி தொடங்குவதானால் மென்பொருளைத் தொடும் முன்னே பேட்டரி, தடித்த கம்பி, கடிகாரம் மூன்றையும் முடித்துவிடுவேன். ஐபோன் வைத்திருக்கும் மூன்று பெற்றோருக்கு மோனல் செயலியில் அறிவிப்பு உடனே வருவதற்குப் புஷ் மாட்யூலைத் தனியே சேர்க்க வேண்டியிருந்தது. அதையும் முதல் நாளே செய்வேன். இப்போது மீதமிருக்கும் வேலை ஒன்று: ஆயாவின் குரல் பதிவுகள் கோப்புப் பகிர்வுக் கோப்புறையில் பொருளற்ற நீண்ட எழுத்துக் கோவைகளைப் பெயராகக் கொண்டு கிடக்கின்றன. அவற்றைத் தேதியும் பாட்டின் முதல் அடியும் இட்டுத் தனியே பிரித்து வைக்க அத்தையும் நானும் உட்கார்ந்திருக்கிறோம். இதுவரை நூற்றுப் பன்னிரண்டு முடிந்திருக்கின்றன.